காண்டலும் கருதலும்: பனியேரியில் ஒரு தெரிவு

அறிவு எய்தும் வாயில்களை அளவைகள் என வகுத்தனர் சைவ சித்தாந்தச் சான்றோர். அவை பலவாக எண்ணப்படினும், காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவை அடங்கும் என்பது அவர்தம் முடிபு. கண்ணாற் கண்டறிவது காட்சி. மலைமேற் புகையைக் கண்டு ஆங்குத் தீ உண்டெனத் துணிவது கருதல். அறிந்தோர் சொல்லக் கேட்டுக் கொள்வது உரை. இவற்றைத் தேர்வுக்காக மனனஞ் செய்து மறந்துவிடும் பாகுபாடுகளாகவே நம்மிற் பலர் கருதுகின்றனர். ஆயின், கையிலுள்ள பணத்தைக் கொண்டு இவற்றுள் ஒன்றை மட்டுமே வாங்கலாம் என்னும் நிலை ஒருவருக்கு ஏற்படுமாயின், அப்பாகுபாடு திடீரென உயிர் பெற்றுவிடும். அமெரிக்காவின் வட எல்லையை அடுத்த மினசோட்டா மாநிலத்தில், தச்சுத் தொழில் செய்து வாழும் ஒருவருக்கு 2013 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அத்தகைய நிலை வாய்த்தது. அவர் சைவ சித்தாந்தம் அறியாதவர். அவருடைய கவலையெல்லாம் மீனைப் பற்றியது. சற்று ஆழ்ந்து நோக்கின், தம் தந்தையாரைப் பற்றியது.

மினசோட்டாவின் நடுப்பகுதியில், மினியாப்பொலிஸ் நகருக்கு வடக்கே, மில் லாக்ஸ் என்னும் பேரேரி உள்ளது. ஏறக்குறைய 530 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அவ்வேரியின் மிகக்கூடிய ஆழம் 42 அடியே. ஆண்டுதோறும் மார்கழியில் அதன் மேற்பரப்பு உறைந்து இறுகும். நீர் 4 பாகை செல்சியசிலேயே மிகக்கூடிய அடர்த்தி பெறுவதால், அவ்வெப்பநிலை நீர் அடியிலே தங்க, அதனினுங் குளிர்ந்த நீர் மேலே நின்று பனிக்கட்டியாகும். ஆதலின் மேலே வண்டி ஓடும் காலத்திலும் கீழே மீன்கள் வாழ்கின்றன. அங்குள்ள மக்கள் பனிக்கட்டியிலே துறப்பணத்தால் ஒரு சாண் அகலத் துளையிட்டு, குட்டையான கோலொன்றினால் தூண்டிலை நேர்கீழே இறக்கி மீன் பிடிப்பர். நான்கு அங்குலத் தடிப்பேனும் இல்லாத பனிக்கட்டியில் நடந்து செல்லலாகாது என்பது மாநில அரசின் எச்சரிக்கை. அவ்வெல்லையைக் கடந்தபின் ஏரி ஊரின் ஒரு பகுதியாகிவிடும், குடில்கள் எழும், புகைபோக்கிகள் புகையும்.

தச்சரின் தந்தையார் அவ்வூரின் பழைய மீன்பிடிகாரருள் ஒருவர். கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் ஒரு படகுத்துறையையும் கண்ணால் இணைத்துக் கோடு கீறி, அக்கோட்டிலே இத்தனை நூறு அடி நடந்தால் பரல் நிறைந்த மேடொன்று பதினைந்தடி ஆழத்தில் உண்டு என்று அவர் அறிவார். ஈயக்குண்டினைத் தூண்டிலிற் கொளுவி இறக்கி ஆழம் பார்ப்பதொன்றே அவருடைய கருவி. நண்பகல் கழிந்து சில நாழிகைக்குள் அம்மேட்டுக்கு வோல்-ஐ மீன்கள் வரும் என்பது அவர் வாக்கு. நாற்பது ஆண்டுகள் அவ்வாக்குப் பொய்த்ததில்லை. மகன் சிறுவனாயிருந்தபோது பெற்ற கல்வி இதுவே. இது உரையளவை.

ஆயின் அவ்வுரை பொய்க்கத் தொடங்கியது. தொடர்ந்து சில குளிர்காலங்களாக மகன் அம்மேட்டிலிருந்து வெறுங்கையுடன் திரும்பினார். தந்தையார் எண்பதை அண்மித்து, முழங்கால் நோவினால் வீட்டோடு தங்கிவிட்டார். மகன் பொறுமையற்றவன், கைபேசியை நோக்கிக்கொண்டு கோலை ஆட்டுபவன், கோட்டைச் சரியாகக் கீறத் தெரியாதவன் என்பன அவர் கண்ட காரணங்கள். தந்தையாரின் நினைவு தளர்ந்துவிட்டது, அவர் குறித்த இடம் பிழையானது என்பது மகன் வாய்விட்டுச் சொல்லாத காரணம். இருவருக்குமிடையே உணவு மேசையிற் பேச்சுக் குறைந்தது. மீன் இல்லாமையன்று அவ்வீட்டின் துன்பம். ஒருவர் சொல்லை மற்றவர் நம்ப இயலாமையே துன்பம்.

அவ்வாண்டு மகன் ஒரு கருவி வாங்கத் துணிந்தார். கடையிலே இரண்டு கருவிகள் இருந்தன: ஒன்று நீரடிக் கமரா, மற்றையது பிளாஷர் எனப்படும் சோனார்க் கருவி. இரண்டும் சில நூறு டொலர் பெறுவன. குளிர்காலத்திற் கட்டட வேலை குன்றும். ஆகவே இரண்டினையும் வாங்குதல் இயலாது.

இவ்விரு கருவிகளின் வரலாறும் இயல்பும் ஈண்டு நோக்கத்தக்கன. நீரில் ஒலியின் வேகத்தை முதன்முதலாகச் செம்மையாக அளந்தோர் கொலடன், ஸ்ரூம் என்னும் இருவராவர். 1826 இல் ஜெனீவா ஏரியிலே, ஒரு படகிலிருந்து நீருக்குள் மணியடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, தொலைவிலுள்ள மற்றப் படகில் ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்து, செக்கனுக்கு 1,435 மீற்றர் என்னும் பெறுமானத்தை அடைந்தனர். ஏரியொன்றிலே பிறந்த அவ்வறிவு, பின்னர் கடற்போரின் தேவைகளால் வளர்ந்து, 1957 இல் அமெரிக்கரான கார்ல் லோரன்ஸும் அவர்தம் புதல்வரும் அமைத்த கருவி வாயிலாகப் பொழுதுபோக்கு மீன்பிடிப்போர் கைக்கு வந்தது. கருவி எளிமையானது. துளையில் இறக்கப்பட்ட உணரி கீழ்நோக்கி ஒலித் துடிப்பை அனுப்பும். முகப்பின் பின்னால் ஒரு தட்டு ஒரே சீராகச் சுழலும். எதிரொலி திரும்பும் கணத்திலே தட்டிலுள்ள விளக்கு மின்னும். தட்டு அதற்குள் எத்துணைச் சுழன்றதோ அதுவே ஆழமாகும். உறைநிலையை அண்மித்த நன்னீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் செல்வதால், முப்பதடி ஆழத்துக்குச் சென்று மீள நூறிலொரு செக்கனுக்குச் சற்று மேலாகவே செல்லும். ஆகவே அக்கருவி காட்டுவது அக்கணத்து நிலையையே. அடித்தளம் தடித்த ஒளிக்கோடாகத் தோன்றும்; தன் தூண்டில் மெல்லிய கோடாக ஏறியிறங்கும்; இரண்டுக்குமிடையே புதியதொரு கோடு எழுமாயின் அது மீன். வலிய எதிரொலி சிவப்பாகவும் மெலிந்தது பச்சையாகவும் தெரியும்.

நீரடிக் கமராவின் மரபு வேறு. பிரெஞ்சு விலங்கியலறிஞர் லூயி பூத்தான் 1893 இல் நீருக்கடியிற் புகைப்படம் எடுத்தார். மீன்பிடிப்போருக்கான கமரா, அக்குவா-வியூ என்னும் பெயரில், 1990 களின் பிற்பகுதியில் மினசோட்டாவிலேயே சந்தைக்கு வந்தது. எனினும் பனிக்கட்டிக்கடியில் நேரே பார்க்கும் வழக்கம் அந்நாட்டில் மிகப் பழமையானது. அவ்வேரிக்கரையின் ஆதிக்குடிகளான ஓஜிப்வே மக்கள், துளையின் மேல் ஒளி புகாத மறைப்பிட்டு, குப்புறப் படுத்து, மரத்திற் செதுக்கிய மீனுருவை நீரில் ஆட்டி, அதை நாடிவரும் மீனை ஈட்டியாற் குத்துவர். மேலே இருளாயிருப்பின், சூழவுள்ள பனிக்கட்டியூடாக நுழையும் ஒளியில் நீர் விளக்கேற்றிய அறைபோலத் தெரியும். இருட்குடில் என்னும் அம்முறையிற் பைக் மீனைக் குத்துவது இன்றும் அங்கு நடைபெறுகின்றது. கமரா அவ்விருட்குடிலின் வழித்தோன்றல் எனின், பிளாஷர் ஈயக்குண்டின் வழித்தோன்றல் எனலாம்.

தச்சர் எதையும் அளந்து பார்த்தே வெட்டுபவராதலின், வாங்குமுன் இரண்டினையும் இரவல் பெற்றுப் பார்க்க எண்ணினார். தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் நண்பர் ஒருவரின் பிளாஷருடன் தந்தையாரின் மேட்டுக்குச் சென்றார். ஈயக்குண்டு சொன்னதையே விளக்கும் சொன்னது: ஆழம் பதினைந்தடி. அடித்தளக் கோடு அகன்று செந்நிறமாயிருந்தது. தளம் வன்மையானது என்பது அதன் பொருள். இடம் பிழையன்று என்பது உறுதியாயிற்று. மீன் இல்லை என்பதும் உறுதியாயிற்று. ஏன் இல்லை என்னும் வினாவுக்குக் கருவி விடை கூறவில்லை.

அவர் அங்கு தங்கவில்லை. 1980 கள் முதல், டேவ் ஜென்ஸ் முதலான மினசோட்டா மீன்பிடிகாரர், ஒரு துளையருகே காத்திராது பல துளையிட்டு மீனைத் தேடிச் செல்லும் முறையைப் பரப்பினர். அம்முறைக்கு உயிர்நாடி பிளாஷரே. தெளிந்த பனிக்கட்டியாயின் துளையும் வேண்டுவதில்லை. மேலே சிறிது நீரை ஊற்றி உணரியை வைத்தால் ஒலி ஊடுருவும். தச்சர் மேட்டிலிருந்து ஆழம் நோக்கி நகர்ந்தார். இருபதடியில் ஒன்றுமில்லை, இருபத்தைந்தில் ஒன்றுமில்லை. இருபத்தெட்டடி ஆழத்திற் பச்சைக்கோடு ஒன்று தளத்தைவிட்டு எழுந்து, சிவந்து, அவர் தூண்டிலை நோக்கி ஏறி, சற்று நின்று, மங்கி மறைந்தது. அவ்வாறு ஆறு முறை நிகழ்ந்தது. பொழுது சாயும் வேளையில் ஏழாவது கோடு வோல்-ஐ மீனாக வெளிவந்தது.

அன்றே பிளாஷரை வாங்கியிருப்பார். ஆயின் மறைந்துபோன ஆறு கோடுகள் அவரை உறுத்தின. அவை எம்மீன்கள்? ஏன் திரும்பின? சிவந்த கோடு பெரிய மீனைக் குறிக்கும் என்பது புதியவர் கொள்ளும் துணிபு. உண்மையில் மீனின் எதிரொலியிற் பெரும்பகுதி அதன் காற்றுப்பையிலிருந்தே வருகின்றது. மேலும், ஒலி கூம்புபோல விரிவதனால், இருபது பாகைக் கூம்பு முப்பதடி ஆழத்தில் பத்தடிக்கு மேற்பட்ட விட்டத்தை அடக்கும். அதன் நடுவே நிற்கும் சிறுமீன் சிவந்தும், ஓரத்தே நிற்கும் பெருமீன் பசந்தும் தோன்றலாம். தளத்தோடு ஒட்டிக் கிடக்கும் மீன் தளத்தின் ஒளியுள் மறைந்தே போகும். ஏதுவைப் போலத் தோன்றி ஏதுவாகாதவற்றை ஏதுப்போலி என மணிமேகலை எடுத்துரைக்கும். பிளாஷரின் வட்டத்திலே ஏதுக்களும் உள, ஏதுப்போலிகளும் உள.

அடுத்த சனிக்கிழமை அயலவர் ஒருவரின் கமராவுடன் அவர் அதே மேட்டுக்குச் சென்றார். இம்முறை தந்தையாரையும் சறுக்குவண்டியில் ஏற்றி, போர்வைகள் சுற்றி, அழைத்துச் சென்றார். கருதிச் சொல்வதைத் தந்தை ஏற்கமாட்டார். கண்டதை ஏற்பார் என்பது அவர் எண்ணம். இரு துளைகள் இடப்பட்டன. ஒன்றிற் கமரா இறங்கியது, மற்றையதில் தூண்டில். குடிலுள் இருவரும் திரைமீது குனிந்தனர்.

திரையில் முதலில் நீரே தெரிந்தது; வியக்கத்தக்க தெளிவுடைய நீர். பின் தளம் தெரிந்தது. பரல்களைக் காணவில்லை. கல்மேற் கல்லாக, விரல் நகமளவான வரியுடைய சிப்பிகள் இடைவெளியின்றிப் படர்ந்திருந்தன. வரிக்குதிரை மட்டி எனப்படும் அவ்வுயிர் ஐரோப்பாவின் கிழக்குப்பகுதி நீர்நிலைகளுக்கு உரியது. கப்பல்களின் அடிநீரோடு வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்தது. மில் லாக்ஸில் 2005 இற் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளுள் பெருகியது. நீரை உறிஞ்சி வடித்து அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்பதே அதன் தொழில். அவ்வேரியின் நீர் அதற்கு முன்னரே தெளியத் தொடங்கியிருந்தது. மட்டி அத்தெளிவை மிகுவித்தது. வோல்-ஐ மீனோ மங்கிய ஒளிக்கென அமைந்த கண்ணுடையது. விழித்திரையின் பின்னால் ஒளியை மீளத் தெறிக்கும் படலம் அதற்குண்டு. பதினைந்தடி நீரில் நண்பகல் ஒளி பாயுமாயின், அம்மீன் ஆழத்தையோ அந்திப்பொழுதையோ நாடும்.

பிளாஷர் 'வன்தளம்' என்று கூறியதும் பொய்யன்று, மட்டியோடும் வன்மையானதே. ஆயினும் பரலுக்கும் மட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எதிரொலி உணர்த்தவில்லை. தந்தையார் நெடுநேரம் திரையை நோக்கியிருந்தார். "இடம் இதுதான். ஏரிதான் அதுவல்ல" என்றார். மகன் விடை கூறவில்லை. கோடு பிழையன்று, கோலும் பிழையன்று என்பதை இருவரும் ஒரே திரையிற் கண்டனர். அன்று மாலை உணவு மேசையில் நெடுநேரம் பேச்சு நடந்தது என்பதை மட்டும் ஈண்டுக் குறித்தல் போதும்.

அதே நாளிற் பிற்பகல், இருபத்தெட்டடி ஆழத்திற் கமரா இறக்கப்பட்டபோது மற்றுமோர் உண்மை வெளியாயிற்று. மறைந்த கோடுகளின் புதிர் அங்கு விடுபட்டது. மஞ்சள் பேர்ச் மீன்கள் தூண்டிலின் முன் வந்து நின்று நோக்கின. ஒன்று இரையை வாயுள் இழுத்து, அடுத்த நொடியிலேயே உமிழ்ந்தது. கோலின் நுனி அசையவேயில்லை. தச்சர் கோலைச் சற்று வலிந்து சுண்டியபோதெல்லாம் மீன்கள் விலகின; அசையாது பிடித்தபோது அணுகின. தம் கையின் பிழையை அவர் முதன்முறையாகத் தம் கண்ணாற் கண்டார். தந்தையாரின் குற்றச்சாட்டிலும் ஒரு பங்கு உண்மை இருந்தது போலும்.

இந்நிலையிற் கமராவே வெற்றிபெற்றது எனத் தோன்றலாம். ஆயின் மாலை நான்கரை மணிக்குத் திரை மங்கத் தொடங்கியது. பனி மூடிய ஏரியில் அந்திப்பொழுதில் ஒளி விரைந்து குன்றும். கமராவின் அகச்சிவப்பு விளக்கை ஏற்றினும் நீர் அவ்வொளியைச் சில அடிகளுள் விழுங்கிவிடும். வோல்-ஐ இரைதேடி வரும் வேளை எதுவோ, அதுவே கமரா குருடாகும் வேளையாயிற்று. மேலும், கமரா நோக்கும் திசை ஒன்றே; முதுகுப்புறம் நிற்கும் மீனை அது அறியாது. நூலைச் சுருட்டி, வடத்தைச் சுருட்டி, இன்னொரு துளைக்குச் செல்வதற்குள் பிளாஷர் உடையவர் ஐந்து துளைகளை ஆராய்ந்துவிடுவார். மரக்கறை படிந்து தேநீர் நிறங்கொண்ட ஏரிகள் வட மினசோட்டாவிற் பல. அங்கெல்லாம் கமராவுக்கு வேலையே இல்லை. எதிரொலிக்கோ இரவும் கலங்கலும் ஒன்றே.

கமராவின் சார்பில் மற்றொரு நியாயத்தையும் தச்சர் எண்ணிப் பார்த்தார். குறித்த அளவுக்குள் அடங்காத மீனை விடுவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. வோல்-ஐ, பேர்ச் போன்ற மீன்களின் காற்றுப்பைக்கு வாயோடு தொடர்பில்லை. முப்பத்துமூன்றடி ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பினதைப்போல இருமடங்கு; அவ்வாழத்திலிருந்து விரைந்து இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை ஏறக்குறைய இருமடங்காக விரியும். அத்தகைய மீனை நீரில் விடுவதாற் பயன் சிறிது. கமராவாயின் மீனின் இனத்தையும் பருமனையும் முன்னரே கண்டு, வேண்டாததன் வாயிலிருந்து தூண்டிலை விலக்கிக்கொள்ளலாம். பிளாஷர் ஆழ்நீரில் மீன் உண்டென்று மட்டுமே சொல்லும். எதை இழுக்கிறோம் என்பதைச் சொல்லாது. கருதலால் உழைப்பவனுக்குத் தன்னடக்கம் தேவைப்படுகின்றது.

ஈற்றில் அவர் பிளாஷரையே வாங்கினார். காரணம் கேட்ட அயலவருக்கு அவர் கூறிய விடை தச்சருக்கேற்ற விடை. கமரா ஆசான் போன்றது. பிளாஷர் கைக்கருவி போன்றது. ஆசானிடம் கற்க வேண்டியதை ஒருநாளிற் கற்கலாம். கைக்கருவியோ நாளும் வேண்டும். 'ஏன்' என்னும் வினா அவரைச் சில ஆண்டுகளாக வருத்தியது. அதற்குக் காட்சியே விடையளித்தது. விடை கிடைத்தபின் எஞ்சியது 'எங்கே' என்னும் வினா. அது ஒவ்வொரு காலையும் புதிதாகப் பிறப்பது. அதற்குக் கருதலே துணை. கண்டபின் கருதியமையால் அவருடைய கருதலும் திருந்தியது. கோடு எழுந்து நின்றால் கையை அசைக்கலாகாது என்பதைத் திரையிற் கண்டபடியே பின்னர் விளக்கிற் படித்தார். முப்பதடிக்குக் கீழே தூண்டில் இறக்குவதில்லை என்றொரு விதியையும் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்.

இரு கருவிகளாலும் விடைகாண இயலாத வினாக்களும் உள. மீன்குறைவுக்கு ஓஜிப்வே மக்களின் வலைகளே காரணம் என்று அவ்வூரிற் பலர் வெகுண்டு பேசுவதுண்டு. 1837 ஆம் ஆண்டின் உடன்படிக்கை அம்மக்களுக்கு அளித்த மீன்பிடி உரிமையை நாட்டின் உச்ச நீதிமன்றம் 1999 இல் நிலைநாட்டியது. இளமீன்கள் வளர்ச்சிபெறாது அழிவதே முதன்மையான குறை என்று கண்ட ஆய்வாளர், நீரின் தெளிவையும் வேற்றிட உயிர்களையும் வெப்ப உயர்வையும் காரணங்களாகச் சுட்டினர். 2015 ஆவணியில் அவ்வாண்டுக்குரிய பங்கு தீர்ந்துவிட்டமையால் வோல்-ஐ மீன்பிடி இடைநடுவே நிறுத்தப்பட்டது. மட்டி படர்ந்த மேட்டைக் கண்ணாற் கண்ட தச்சர், வலைகளைப் பற்றிய பேச்சு எழும்போது முன்னையிலும் குறைவாகவே பேசினார். ஒரு சதுர அடித் திரையிற் கண்டதை ஏரி முழுவதற்கும் நீட்டிச் சொல்வது எத்துணைப் பிழையோ, காணாததைத் துணிந்து பழிப்பதும் அத்துணைப் பிழை என்பதை அவர் உணர்ந்திருக்கலாம்.

தந்தையார் அதன்பின் இரு குளிர்காலங்கள் பனிமேல் வந்தார். கமராத் திரையின் நுண்மைகள் அவருடைய கண்ணுக்குச் சிரமமாயிருந்தன. பிளாஷரின் செந்நிறக் கோடு தெளிவாகத் தெரிந்தது. கோடு எழும்போது மகனின் முழங்கையைத் தொட்டு, "இப்போது அசைக்காதே" என்பார். அது மகன் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆண்டுக்கு ஒருநாள், ஏரி நன்கு இறுகியபின், இருவரும் அயலவரின் கமராவை இரவல் பெற்றுப் பழைய மேட்டுக்குச் சென்றனர். அங்கு மீன் பிடிப்பதற்கன்று. தளம் எவ்வாறுள்ளது என்று பார்த்து வருவதற்கு.